வளையாத இழைகள்

பால்வீதியின் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட "கருந்துளை" என்று சொல்லிவிடும். சரிதான். தனுசு ராசி இருக்கும் திசையில், 26,000 ஒளியாண்டு தொலைவில், 40 லட்சம் சூரியன்களின் நிறையோடு ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டு சொன்னவர்களுக்கு 2020இல் நோபல் பரிசும் கொடுத்தாயிற்று. என் குறையெல்லாம், நடுப்பகுதியைப் பற்றிய பேச்சு அந்த ஒற்றைப் பெயரோடு முடிந்துபோகிறதே என்பதுதான். அந்தக் கருந்துளையின் ஈர்ப்பு கோலோச்சுவது சுமார் பத்து ஒளியாண்டு வரைக்கும்தான். அதைத் தாண்டினால் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் நட்சத்திரங்களின் கூட்டு ஈர்ப்பு அதை மிஞ்சிவிடும். நடுப்பகுதி என்று நாம் சொல்வதோ ஆயிரம் ஒளியாண்டுக்கு மேல் அகலம். அந்த வட்டாரத்தில் வாயு எங்கே போகும், எங்கே தங்கும், எவ்வளவு நட்சத்திரமாகும், எவ்வளவு கருந்துளைக்கு இரையாகும் என்பதையெல்லாம் முடிவு செய்வதில் காந்தப் புலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். வானியலாளர்கள் காந்தப் புலத்தை 'காஸ்' என்ற அலகில் சொல்வார்கள். நாம் நிற்கும் தரையில் பூமியின் புலம் அரை காஸுக்குச் சற்றுக் குறைவு. சூரியப் புள்ளிகளில் அது சில ஆயிரம் காஸ். நம் சூரியன் இருக்கும் பக்கத்தில், நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெளியில், வெறும் ஐந்தாறு மைக்ரோகாஸ். அதாவது பூமியின் புலத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு நலிந்த ஒன்றுக்கு எதற்கு இத்தனை பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விண்வெளியில் வாயுவும் அதே அளவுக்கு நலிந்தது என்பதுதான் பதில். நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. நட்சத்திரங்களுக்கு நடுவே அதே இடத்தில் சராசரியாக ஓர் அணு இருந்தால் அதிகம். அப்படிப்பட்ட வாயுவின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஐந்து மைக்ரோகாஸ் புலத்தின் அழுத்தம் சரிக்குச் சரி நிற்கும். இன்னொன்றும் உண்டு. மின்னேற்றம் பெற்ற துகள் புலக்கோட்டைச் சுற்றிச் சுற்றி அதன் நெடுகத்தான் ஓடும். கோட்டை வெட்டிக் குறுக்கே போகாது. வாயுவில் கொஞ்சம் மின்னேற்றம் இருந்தாலே போதும், மற்ற அணுக்களும் மோதி மோதிக் கூடவே இழுபடும். ஆகவே வாயு நகர்ந்தால் புலமும் அதோடு நகரும். புலம் விறைத்து நின்றால் வாயு தாண்ட முடியாமல் நிற்கும். இந்தப் பிணைப்பை 1940களில் கணக்கிட்டுக் காட்டிய சுவீடன்காரர் ஹான்னெஸ் ஆல்ஃப்வேன் பின்னால், 1970இல், நோபல் பெற்றார்.

சரி, தொட முடியாத, கண்ணுக்குத் தெரியாத, தானாக ஒளிராத ஒரு பொருளின் வலிமையை 26,000 ஒளியாண்டுக்கு இப்பால் உட்கார்ந்துகொண்டு எப்படி அளப்பது? மொட்டை மாடியில் கட்டிய கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்வாகக் கட்டிய கயிறு காற்றுக்கு அலைபாயும். இழுத்துக் கட்டிய கயிறு அசைந்துகொடுக்காது. காற்றின் வேகம் தெரிந்துவிட்டால், கயிறு எவ்வளவு ஆடுகிறது என்பதை எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தே அதன் இறுக்கத்தைச் சொல்லிவிடலாம். காந்தப் புலக்கோடுகளுக்கும் அப்படியோர் இறுக்கம் உண்டு. புலம் வலுக்க வலுக்க இறுக்கம் கூடும், வளைப்பது கடினமாகும். இன்றைய கதையில் பாதி இந்த ஒரு யோசனைதான்.

இதை வைத்துக் கணக்குப் போட்ட முன்னோடிகளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த இருவர் உண்டு: என்ரிக்கோ ஃபெர்மி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். ஆண்டு 1953. சந்திரசேகர் என்றாலே 1.4 சூரிய நிறை என்ற வெண்குள்ளன் வரம்பை எழுதிப் பழகிவிட்டோம். இந்தச் சிறிய கட்டுரையை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அதன் முன்கதை இன்னும் சுவையானது. மிகச் சூடான நட்சத்திரங்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி ஒரு குறிப்பிட்ட திசையில் கூடுதலாக அதிர வேண்டும் என்று சந்திரசேகர் முன்பே கணித்திருந்தார். இப்படி ஒரு திசைப் பக்கம் சாய்ந்து அதிரும் ஒளியைத் தளவிளைவு பெற்ற ஒளி என்பார்கள். அதைத் தேடிப் போன ஹில்ட்னர், ஹால் என்ற இரு அமெரிக்கர்கள் 1949இல் தளவிளைவைக் கண்டார்கள். ஆனால் அது நட்சத்திரத்திலிருந்து வந்ததல்ல. வழியில் கிடக்கும் தூசு செய்த வேலை. காந்தப் புலம் நீள்வடிவத் தூசுத் துகள்களை ஒரே பக்கமாக வரிசைப்படுத்தி நிறுத்தியிருந்தது. அவற்றினூடே வடிகட்டி வந்த ஒளியும் அந்தத் திசையைச் சுமந்து வந்தது.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. கிடைத்ததைச் சந்திரசேகர் விடவில்லை. அவரும் ஃபெர்மியும் பால்வீதியின் கை ஒன்றில் அந்தத் திசைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தார்கள்: சுமார் 11 டிகிரி. வாயுவின் கொந்தளிப்பு வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டர். இரண்டையும் வாயுவின் அடர்த்தியோடு சேர்த்துப் பார்த்ததில் புலம் ஏறக்குறைய 7 மைக்ரோகாஸ் என்று வந்தது. கொடிக்கயிற்றின் ஆட்டத்திலிருந்து இறுக்கம். இன்றைய கருவிகள் சொல்லும் எண்ணும் அதன் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஆனால் நடுப்பகுதிக்கு இந்த வழியில் நேராகப் போக முடியவில்லை. இடையில் கிடக்கும் தூசு அவ்வளவு அடர்த்தி. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேரும். ரேடியோ அலைகளுக்குத்தான் தூசு ஒரு பொருட்டில்லை. 1984இல் ஃபர்ஹத் யூசெஃப்-சாதே, மார்க் மோரிஸ், டான் சான்ஸ் மூவரும் நியூ மெக்சிகோவின் 27 தட்டுகள் கொண்ட வெரி லார்ஜ் அரே தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். படத்தில் வந்ததை முதலில் கருவியின் கோளாறு என்று நினைத்திருந்தாலும் குற்றமில்லை. பால்வீதியின் தளத்துக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக, நேர்நேரான இழைகள். நீளம் 100 ஒளியாண்டுக்கு மேல். அகலம் ஓரிரு ஒளியாண்டு. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப் புலக்கோட்டைச் சுற்றிச் சுழலும்போது ரேடியோ அலைகளை வெளியிடும். அதாவது, பார்க்கவே முடியாது என்று நினைத்திருந்த புலக்கோடுகளை அங்கே எலக்ட்ரான்கள் மை தொட்டு எழுதிக் காட்டியிருந்தன.

என்னைக் கேட்டால் அந்தப் படத்தில் வியப்புக்குரியது நீளம் அல்ல, நேர்மை. நடுப்பகுதி அமைதியான இடமில்லை. மூலக்கூறு மேகங்கள் நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் கொந்தளிக்கின்றன, நட்சத்திரங்கள் வெடிக்கின்றன, மேகங்கள் இழைகள் மேலேயே வந்து மோதுவதாகவும் தெரிகிறது. இவ்வளவுக்கும் இழைகள் வளையவில்லை. வளையாமல் நிற்க எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று யூசெஃப்-சாதேயும் மோரிஸும் கணக்குப் போட்டார்கள். விடை: ஒரு மில்லிகாஸ். அதாவது 1,000 மைக்ரோகாஸ். நம் பக்கத்துப் புலத்தைப்போல் 200 மடங்கு. புலத்தின் அழுத்தம் அதன் வலிமையின் இருமடியாக ஏறுவதால், அழுத்தக் கணக்கில் 40,000 மடங்கு.

இங்கேதான் சச்சரவு தொடங்கியது. இழைகளுக்குள் ஒரு மில்லிகாஸ் என்றால், இழைகளுக்கு இடையிலும் அதேதானா? ஒரு பக்கம், ஆமாம் என்றது: வெளியிலும் அதே அழுத்தம் இல்லாவிட்டால் இழை பிதுங்கி விரிந்து கரைந்திருக்குமே, இத்தனை இழைகளும் அந்தப் பகுதி முழுவதையும் நிறைத்திருக்கும் ஒரு பெரிய செங்குத்துப் புலத்தின் ஒளிரும் கீற்றுகள்தான் என்பது வாதம். மறுபக்கம் 2005இல் குறைந்த அதிர்வெண்ணில் எடுத்த ரேடியோ அளவீடுகளைக் காட்டியது. அந்த வட்டாரம் முழுவதும் பரவிக் கிடக்கும் ஒளிர்வின் அளவைப் பார்த்தால் பொதுப்புலம் 10 மைக்ரோகாஸ் பக்கம்தான் வருகிறது. மில்லிகாஸ் எல்லாம் அங்கங்கே உள்ளூர்ச் சமாச்சாரம் என்றார்கள். ஒன்றுக்கொன்று 100 மடங்கு வித்தியாசம். ஆற்றலில் பார்த்தால் 10,000 மடங்கு. ஓர் இடத்தைப் பற்றி இரண்டு தேர்ந்த குழுக்கள் இவ்வளவு தள்ளி நிற்பது வானியலிலும் அடிக்கடி நடப்பதில்லை.

2010இல் ரோலண்ட் குரோக்கரும் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் ஒரு சாமர்த்தியமான வாதத்தை வைத்தார்கள். ரேடியோ ஒளிர்வு என்பது புலமும் எலக்ட்ரான்களும் சேர்ந்து கொடுப்பது. புலம் நலிந்தது என்றால் அதே ஒளிர்வைக் கொடுக்க எலக்ட்ரான்கள் அதிகம் வேண்டும். அத்தனை எலக்ட்ரான்கள் அங்கிருந்தால் அவை அங்குள்ள அடர்ந்த வாயுவில் மோதி காமா கதிர்களைக் கிளப்ப வேண்டும். செயற்கைக்கோள் பார்த்த காமா கதிர் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே புலம் 50 மைக்ரோகாஸுக்குக் கீழே இருக்க வழியில்லை; 100 பக்கம் இருக்கலாம். இது ஏதோ ஒரு மூலைக்கான எண் அல்ல, சுமார் 1,300 ஒளியாண்டு அகலத்துக்கான எண். இல்லாத ஒன்றை வைத்து இருப்பதை அளக்கும் இந்த வகை வாதங்கள் எனக்கு எப்போதும் பிடிக்கும். நடுநிலையான எண் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் முழுத் திருப்தி இல்லை என்பது வேறு விஷயம்.

பிறகு தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தில் 64 தட்டுகளோடு மீர்காட் தொலைநோக்கி வந்தது. 2019இல் அது நடுப்பகுதிக்கு மேலும் கீழுமாக இரண்டு பெரிய ரேடியோக் குமிழிகளைக் காட்டியது. மொத்த உயரம் 1,400 ஒளியாண்டு. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த ஏதோ ஒரு பெரிய வெடிப்பின் மிச்சம் அது. 2022இல் வந்த படத்தில் ஏறக்குறைய 1,000 இழைகள். முன்பு தெரிந்ததைப்போல் பத்து மடங்கு. அநேகமாக எல்லாமே அந்தக் குமிழிகளின் எல்லைக்குள் அடங்குகின்றன. ஆகவே இழைகளில் ஓடும் எலக்ட்ரான்களுக்கும் அந்தப் பழைய வெடிப்புக்கும் உறவு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். மூல எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது, கோடுகள் ஏன் கட்டுக்கட்டாக ஒளிர்கின்றன என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அதே படத்தில் 2023இல் வேறு ஜாதி இழைகளும் கண்டுபிடிக்கப்பட்டன: குட்டையானவை, தளத்துக்கு இணையாகக் கிடப்பவை, கருந்துளையைச் சுட்டுபவை.

செங்குத்து இழைகளைப் பார்த்துவிட்டு நடுப்பகுதியின் புலம் முழுவதும் செங்குத்து என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடர்ந்த மேகங்களுக்குள் கதை வேறு. அதைப் பார்க்கத் தூசுதான் உதவியது. இம்முறை தூசு வடிகட்டிய ஒளி அல்ல, தூசு தானே வெளியிடும் அகச்சிவப்பு வெப்ப ஒளி. வரிசைப்பட்ட துகள்கள் வெளியிடும் ஒளிக்கும் தளவிளைவு உண்டு. காற்றிலுள்ள ஈரம் அந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால் நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து ஒரு போயிங் 747 விமானத்தின் விலாவில் கதவு வைத்து, உள்ளே தொலைநோக்கியைப் பொருத்தி, 12 கிலோமீட்டர் உயரத்துக்குப் பறக்கவிட்டன. சோஃபியா என்று பெயர். 2022 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றார்கள். எனக்கு வருத்தம்தான். நிற்பதற்கு முன் அது எடுத்த வரைபடம் பழைய ஒரு சந்தேகத்தை உறுதி செய்தது. அடர்ந்த மேகங்களில் புலம் பெரும்பாலும் தளத்துக்கு இணையாகப் படுத்துக் கிடக்கிறது. அடர்த்தி குறைந்த இடங்களில் எழுந்து நிற்கிறது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். கனத்த மேகங்கள் மையத்தைச் சுற்றிச் சுழலும்போது தம்மோடு பிணைந்த புலக்கோடுகளை இழுத்துச் சாய்த்துவிடுகின்றன. மேகமில்லாத வெளியில் இழுக்க ஆளில்லை.

இனி, இதனால் ஆவது என்ன? நட்சத்திரப் பிறப்பைப் பாருங்கள். நடுப்பகுதியில் அடர்ந்த வாயு ஏராளம். வேறிடங்களில் அவ்வளவு வாயு இருந்தால் எத்தனை நட்சத்திரம் பிறக்குமோ அதில் பத்தில் ஒரு பங்குதான் இங்கே பிறக்கிறது. கொந்தளிப்பு முக்கியக் குற்றவாளி. காந்தப் புலம் உடந்தை. 'செங்கல்' என்று செல்லப்பெயர் வைத்த ஒரு மேகம் அங்கே இருக்கிறது. ஒரு லட்சம் சூரியன்களுக்குப் போதுமான வாயு அதில் உண்டு. ஆனால் நட்சத்திரம் பிறக்கும் அடையாளம் அநேகமாக இல்லை. 2015இல் துஷாரா பிள்ளையின் குழு அதன் தூசு ஒளியின் திசைச் சிதறலை அளந்து, சந்திரசேகர்–ஃபெர்மி கணக்கையே பயன்படுத்திப் பார்த்தது. சுமார் 5 மில்லிகாஸ் என்று வந்தது. சிகாகோவில் போட்ட கணக்கு 62 ஆண்டு கழித்து அங்கே போய்ச் சேர்ந்தது.

நம் பால்வீதியின் தனிக்குணம் இது என்றும் சொல்ல முடியாது. நான்கரைக் கோடி ஒளியாண்டு தொலைவில் என்ஜிசி 1097 என்ற கேலக்ஸி இருக்கிறது. அதன் கருவைச் சுற்றி நட்சத்திரங்கள் பிறக்கும் வளையம் ஒன்று பளிச்சென்று தெரியும். அந்த வளையத்தில் புலம் 50, 60 மைக்ரோகாஸ். ஜெர்மனியின் ரைனர் பெக்கும் குழுவினரும் 1990களின் இறுதியில் காட்டியது இது: வளையத்தில் சுழலும் வாயுவின் சுழற்சியைக் காந்தப் புலம் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது, சுழற்சி குறைந்த வாயு உள்நோக்கிச் சரிகிறது, கருவிலிருக்கும் கருந்துளைக்கு அப்படித்தான் தீனி போகிறது. ஈர்ப்பு மட்டும் இருந்தால் சுழலும் வாயு சுழன்றுகொண்டேதான் இருக்கும். நிலா பூமியில் வந்து விழுவதில்லை அல்லவா? 2018இல் அதே வளையத்தை ஆராய்ந்த ஃபத்தேமே தபதாபாயியின் குழு, புலம் வலுத்த இடங்களில் பெரிய நட்சத்திரங்கள் பிறப்பது மட்டுப்படுகிறது என்றது. ஆக, ஒரே புலம் நட்சத்திரத்துக்குப் போக வேண்டிய பங்கைக் குறைத்து, கருந்துளைக்குப் போகும் வழியையும் திறந்துவைக்கிறது.

இப்போது நம் கருந்துளைக்கே போய்விடலாம். 2013 ஏப்ரலில் அதற்கு மிக அருகில், வானத்தில் பார்க்க மூன்றில் ஒரு பங்கு ஒளியாண்டு தள்ளி, ஒரு மேக்னட்டார் விழித்துக்கொண்டது. மேக்னட்டார் என்பது தன் மேற்பரப்பில் நூறு லட்சம் கோடி காஸ் அளவுக்குப் புலம் கொண்ட நியூட்ரான் நட்சத்திரம். இது 3.76 நொடிக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன் சொந்தப் புலம் நமக்கு முக்கியமில்லை. அதன் ரேடியோத் துடிப்புகள் தளவிளைவு பெற்றவை என்பதுதான் முக்கியம். புலமும் மின்னேற்ற வாயுவும் சேர்ந்த ஒரு பகுதியை அப்படிப்பட்ட அலை கடந்து வந்தால் அதன் அதிர்வுத் திசை திருகிக்கொள்ளும். அலைநீளம் கூடினால் திருகலும் கூடும். மைக்கேல் ஃபாரடே 1845இல் கண்ணாடித் துண்டு ஒன்றில் முதலில் கண்ட விளைவு இது. மேக்னட்டாரின் அலைகள் அசாத்தியமாகத் திருகியிருந்தன. அப்படித் திருக, கருந்துளையைச் சுற்றியுள்ள சூடான வாயுவில் குறைந்தது 8 மில்லிகாஸ் புலம் இருந்தாக வேண்டும் என்று கணக்கு சொன்னது.

கருந்துளையின் பக்கத்திலேயே இருந்து வரும் அலைகளிலும் இதே திருகல் உண்டு. எவ்வளவு வாயு உள்ளே விழுகிறது என்பதை அதிலிருந்து மதிப்பிடலாம். ஆண்டுக்கு ஒரு சூரிய நிறையில் கோடியில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. சுற்றிலும் இருக்கும் பெரிய நட்சத்திரங்கள் வீசும் காற்றில் கருந்துளையின் கைக்கு எட்டுவதில் நூறில் ஒரு பங்குகூட வாய்க்குள் போவதில்லை. அகோரப் பசி, அண்டத்தையே விழுங்கும் அசுரன் என்றெல்லாம் தலைப்பு வைக்கிறோம். நம்முடையது ஏறக்குறைய பட்டினி கிடக்கிறது.

ஏன்? 2024 மார்ச்சில் நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் கூட்டமைப்பு அந்தக் கருந்துளையின் தளவிளைவுப் படத்தை வெளியிட்டது. ஒளிவளையத்தின் மேல் ஒழுங்காகச் சுருண்ட கோடுகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எம்87 கேலக்ஸியின் கருந்துளைக்கும் இதே மாதிரிப் படம் வந்திருந்தது. அங்கே புலம் 1 முதல் 30 காஸ் வரை. எம்87இன் கருந்துளை நம்முடையதைப்போல் 1,500 மடங்குக்கு மேல் கனம். ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்குப் பீய்ச்சும் தாரையும் அதற்கு உண்டு. ஆனாலும் புலத்தின் அமைப்பு இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கிறது. உள்ளே விழும் வாயு தன்னோடு புலத்தையும் இழுத்து வருகிறது. வாயுவைக் கருந்துளை விழுங்கிவிடும். வந்த புலமோ வாசலில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்தப் புலமே அடுத்து வரும் வாயுவை நெட்டித் தள்ளும். வாயு இடுக்கு கிடைத்தபோது கொஞ்சம் கொஞ்சமாக நுழையும். படங்களோடு அதிகம் பொருந்துவது இந்த விளக்கம்தான். நம் கருந்துளை பட்டினி கிடப்பதற்குச் சூடான வாயு பொங்கி வெளியேறுவதும் காரணம். புலத்தின் இந்த மறியலும் காரணம்.

கடைசியாக, நடுப்பகுதியின் புலம் எவ்வளவு என்று ஒற்றை எண் கேட்டால் என் தீர்ப்பு இது: அப்படி ஓர் எண் கிடையாது. பரந்த வெளிக்கு 100 மைக்ரோகாஸ் பக்கம், இழைகளுக்கும் அடர்ந்த மேகங்களுக்கும் ஒன்று முதல் சில மில்லிகாஸ் வரை, கருந்துளையின் வாசலில் சில பத்து காஸ். 1984 படத்திலிருந்து எழுந்த வாதமும் 2005இன் வாதமும் வேறு வேறு இடத்தை அளந்தவை என்றே நினைக்கிறேன். மீர்காட் எடுத்த 2022 படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்ததும் நடுவில் எரியும் வெள்ளைப் பொட்டுக்குத்தான் கண் போகும். அதை விட்டுவிட்டு, பெரிதாக்கி, மேலும் கீழுமாக ஓடும் மெல்லிய கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கே வளைகிறது, எங்கே வளையவில்லை என்று பார்த்தால் போதும்.